ஐந்து கோடுகள், ஏழு கட்டங்கள்: மோந்திரியான் ஓவியத்தைப் பார்ப்பது எப்படி

சூரிச் நகரின் குன்ஸ்தவுஸ் அருங்காட்சியகத்தில் ஒரு சிறிய ஓவியம் இருக்கிறது. சதுரமானது. ஒரு பக்கம் சுமார் 46 செ.மீ.; சோபாவில் சாய்ந்துகொள்ளப் போடுகிற தலையணை அளவுதான். அதில் ஐந்து கறுப்புக் கோடுகள், அந்தக் கோடுகள் பிரிக்கிற ஏழு கட்டங்கள். ஒரு கட்டம் சிவப்பு, ஒன்று நீலம், ஒன்று மஞ்சள். மீதி நான்கும் வெள்ளை. படத்தின் பெயரே ‘சிவப்பு, நீலம், மஞ்சள் கொண்ட அமைப்பு’ என்பதுதான். வரைந்தவர் பீட் மோந்திரியான் என்ற டச்சு ஓவியர். ஆண்டு 1930.

இதை யாரிடம் காட்டினாலும் முதலில் வருகிற கேள்வி, “இது என்ன?” என்பது. கேட்பதில் தப்பே இல்லை. படம் என்றால் அதில் ஒரு முகமோ, மரமோ, சாமியோ இருக்கும் என்றுதான் நம் கண் பழகியிருக்கிறது. ஒன்றுமே இல்லையென்றால் உள்ளே ஏதோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறோம். சிவப்பு என்றால் ரத்தமா, நீலம் என்றால் வானமா என்று விடுகதையைப் போல அவிழ்க்கப் பார்க்கிறோம். அவிழவில்லை என்றதும், இதெல்லாம் படித்தவர்களுக்கு உள்ளது என்று நகர்ந்துவிடுகிறோம். நானும் அப்படி நகர்ந்தவன்தான், பல வருடங்கள்.

ஒரு ராக ஆலாபனையைக் கேட்கும்போது, இது எதைப் பற்றியது என்று நாம் கேட்பதில்லை. குரல் எங்கே ஏறுகிறது, எங்கே நிற்கிறது, எப்போது திரும்பி வரும் என்று காது கூடவே போகிறது. அதே வேலையைக் கண்ணுக்குக் கொடுங்கள். “இது என்ன” என்பதைக் கொஞ்ச நேரம் தள்ளிவைத்துவிட்டு, “இது எப்படி விழாமல் நிற்கிறது” என்று கேட்டுப் பாருங்கள். ஆரம்பிக்க அந்த ஒரு கேள்வி போதும்.

படத்தை இணையத்தில் தேடித் திரையில் வைத்துக்கொள்ளுங்கள். வலது மேல் மூலையில் பெரிய சிவப்புச் சதுரம். மொத்தப் பரப்பில் பாதிக்கும் மேலான இடத்தை அது ஒன்றே எடுத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு நேர் எதிரே, இடது கீழ் மூலையில் சின்ன நீலக் கட்டம். வலது கீழ் மூலையில், இருக்கிறதா இல்லையா என்கிற அளவில் ஒரு துளி மஞ்சள். இடது மேல் மூலை வெள்ளை.

இப்போது கட்டைவிரலால் அந்த மஞ்சளை மறையுங்கள். என் கண்ணுக்கு அந்தக் கணமே படம் சரிகிறது. சிவப்புக்கும் நீலத்துக்கும் இடையே மூலைக்கு மூலை ஒரு இழுபறி மட்டும் மிஞ்சுகிறது, வலது கீழ்ப்பக்கம் ஆளில்லாத வீடுபோல ஆகிவிடுகிறது. விரலை எடுத்தால் மறுபடி எல்லாம் இடத்தில் வந்து உட்கார்கிறது. அவ்வளவு சின்ன மஞ்சள் அவ்வளவு பெரிய சிவப்புக்கு எப்படி ஈடுகொடுக்க முடியும்?

பழைய சந்தைகளில் வெள்ளிக்கோல் என்று ஒரு நிறைகோல் இருந்தது. தட்டு ஒரு பக்கம் மட்டும். சரக்குள்ள தட்டு பிடிக்கு அருகில் தொங்கும். மறுபக்கம் நீண்ட கோல்தான். தூரம் கூடக் கூடச் சின்ன எடைக்கும் வலு கூடும். இரண்டு தட்டிலும் ஒரே அளவு வைத்தால்தான் நேராக நிற்கும் என்பதில்லை. மோந்திரியானுடைய படம் அந்த வகைத் தராசு. பெரிய சிவப்பைச் சமன்செய்ய இன்னொரு பெரிய நிறம் அவருக்குத் தேவைப்படவில்லை. மூலைக்குத் தள்ளிய ஒரு துளி மஞ்சளும், அடர்ந்த ஒரு நீலமும், நிறைய வெள்ளையும் போதுமானவையாக இருந்தன.

அடுத்து இடது பக்கத்தைப் பாருங்கள். அங்கே இரண்டு வெள்ளைக் கட்டங்களைப் பிரிக்கிற ஒரு குறுக்குக் கோடு இருக்கிறது. மற்ற கோடுகளைவிட அது தடிமனானது. முதல் பார்வையில் இது யாருக்கும் தெரிவதில்லை. தெரிந்த பிறகு கண்ணை விட்டுப் போகாது. ஏன் அதை மட்டும் தடிமனாக்கினார்? மெல்லிய கோடாக நினைத்துப் பாருங்கள்: சிவப்பு இடது பக்கமாக வழிந்து எல்லாவற்றையும் நெருக்கித் தள்ளிவிடும்போல இருக்கும். அந்தத் தடித்த கோடு, கதவுக்குக் குறுக்கே போட்ட தாழ்ப்பாள் மாதிரி அந்த அழுத்தத்தை வாங்கிக்கொள்கிறது. நிறமே இல்லாத ஒரு கோடு, நிறத்துக்குச் சரியான எடையாக நிற்கிறது. இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

இன்னொன்றும் உண்டு. ஏழு கட்டங்களில் ஒன்றுகூட நாலு புறமும் கோட்டால் அடைபடவில்லை. சிவப்புக்கு இடதும் கீழும்தான் கோடு. மேலும் வலதும் திறந்திருக்கின்றன. நீலம், மஞ்சள், வெள்ளைகள் எல்லாமே ஏதோ ஒரு பக்கம் கேன்வாஸின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு வெளியே பார்க்கின்றன. அதனால்தான் படம் பெட்டிக்குள் அடுக்கிய சாமான் போலத் தோன்றவில்லை. மிகப் பெரிய ஏதோ ஒன்றிலிருந்து நமக்குக் கிடைத்த ஒரு துண்டு போலவும், அந்தச் சிவப்பு சுவரிலும் தொடர்ந்து போவது போலவும் இருக்கிறது. மோந்திரியான் இதில் உறுதியாக இருந்தார். வழக்கமான சட்டம் படத்தைக் குழிக்குள் வைத்ததுபோல் காட்டும். அவர் சட்டத்தைப் பின்னால் தள்ளி, அதன்மேல் கேன்வாஸை முன்னால் துருத்தி நிற்கும்படி பொருத்தினார். ஜன்னலைப் போல அதன் வழியே எதையோ பார்க்க வேண்டாம். சுவரில் இருக்கிற ஒரு பொருளாக அதையே பாருங்கள் என்பது அதன் அர்த்தம்.

கடைசியாகக் கைபேசியைத் தலைகீழாகத் திருப்புங்கள். சிவப்பு இடது கீழே வந்துவிடும். இப்போது படம் அமைதியாகிவிட்டது, இல்லையா? பாரமானது தரையில் உட்கார்ந்துவிட்டதால் கேள்வியே எழவில்லை. நேராக வைத்தால் அந்தப் பாரம் நம் தலைக்கு மேலே நிற்கிறது, நின்றும் விழவில்லை. இப்படிச் செத்துப்போகாத சமநிலையைத்தான் அவர் தேடினார். இரண்டு பக்கமும் ஒரேமாதிரி வரைந்தால் சமநிலை சுலபமாக வந்துவிடும், ஆனால் கண் ஒரு வினாடியில் வேலையை முடித்துக்கொள்ளும்.

இவர் பிறவியிலேயே கட்டம் போட்டவர் அல்ல. 1872-ல் நெதர்லாந்தின் ஆமர்ஸ்ஃபோர்ட்டில் பிறந்து, ஆம்ஸ்டர்டாமின் கலைக்கழகத்தில் முறையாகப் படித்தவர். காற்றாலைகள், ஆற்றங்கரை மரங்கள், தேவாலயக் கோபுரங்கள் என்று நாற்பது வயதை நெருங்கும்வரை கண்ணால் பார்த்ததைத்தான் வரைந்தார். எப்படி இங்கே வந்து சேர்ந்தார் என்பதை அறிய அவருடைய மூன்று மரப் படங்களை வரிசையாகப் பார்த்தால் போதும். மூன்றும் ஹேக் நகரின் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1908–10-ல் வரைந்த ‘சிவப்பு மரம்’: நீலப் பின்னணியில் தீப்பிடித்ததுபோல ஒரு மரம், கிளைகள் தரைவரை வளைகின்றன. 1911-ன் ‘சாம்பல் மரம்’: நிறம் வடிந்துவிட்டது, கிளைக்கும் கிளைக்கு நடுவிலுள்ள வெளிக்கும் ஒரே அளவு கவனம். 1912-ன் ‘பூத்த ஆப்பிள் மரம்’: மரம் எங்கே என்று தேட வேண்டும், வளைகோடுகளும் அவை பிடித்துவைத்த இடைவெளிகளும் மட்டும் மிச்சம்.

இடையில் நடந்தது பிக்காசோ, பிராக் என்ற இரண்டு ஓவியர்கள். 1911-ல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சி ஒன்றில் அவர்களுடைய கியூபிசப் படங்களை, அதாவது ஒரு பொருளைத் துண்டுதுண்டாக உடைத்துப் பல கோணங்களில் ஒன்றாகக் காட்டுகிற படங்களை, மோந்திரியான் பார்த்தார். சீக்கிரமே பாரிஸுக்குக் குடிபெயர்ந்தார். தன் குடும்பப் பெயரில் இருந்த ஒரு எழுத்தைக்கூடக் குறைத்துக்கொண்டார். 1914-ல் தந்தைக்கு உடல்நலமில்லை என்று ஊருக்கு வந்தவர், முதல் உலகப்போர் மூண்டதால் திரும்பிப் போக முடியாமல் ஐந்து வருடம் அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. அந்தக் காலத்தில் கடலோரத்தில் வரைந்ததுதான் 1915-ன் ‘படகுத்துறையும் கடலும்’. கறுப்பில் சின்னச் சின்னக் கிடைக்கோடுகளும் செங்குத்துக் கோடுகளும். தள்ளி நின்று பார்த்தால் அலை மினுங்குவது தெரிகிறது. கீழிருந்து கடலுக்குள் நீள்கிற துறை தெரிகிறது. கிட்டப் போனால் வெறும் கூட்டல் குறிகள். மரத்தையும் கடலையும் அவர் வெறுத்து ஒதுக்கவில்லை. அவற்றில் எது மாறாமல் இருக்கிறது என்று சுண்டக் காய்ச்சிக்கொண்டே போனார். பானையின் அடியில் மிஞ்சியது கிடையும் செங்குத்தும்.

சரி, ஏன் இந்த இரண்டு மட்டும்? இங்கே நம் ஊர்ப்பக்கம் ஒரு நூலிழை வருகிறது. மோந்திரியான் 1909-ல் பிரம்ம ஞான சபையில் உறுப்பினரானார். சென்னை அடையாறில் 1882 முதல் தலைமையகம் வைத்திருக்கும் அதே சபைதான்; அவர் சேர்ந்தபோது அதன் தலைவர் அன்னி பெசன்ட். கண்ணுக்குத் தெரிகிற உலகத்துக்கு அடியில் எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் ஒழுங்கு உண்டு, எதிரெதிரானவை அங்கே ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன என்ற அந்தச் சிந்தனை அவரை ஆழமாகப் பிடித்தது. செங்குத்து ஆன்மிகத்தையும் கிடை பொருளையும் குறிப்பதாக அவருடைய குறிப்பேடுகளில் எழுதியிருக்கிறார். இரண்டும் சந்திக்கிற செங்கோணம் அவருக்கு வெறும் கணக்கு அல்ல. இதைத் தெரிந்துகொள்வது நல்லதுதான். ஆனால் படத்தைப் பார்க்க இது நுழைவுச்சீட்டு என்று நான் நினைக்கவில்லை. அந்தத் தத்துவத்தில் கொஞ்சமும் நம்பிக்கை இல்லாதவரின் கட்டைவிரலுக்குக் கீழும் மஞ்சள் அதே வேலையைத்தான் செய்யும்.

நிறங்களும் அப்படியே சுருங்கின. சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் வேறு எதையும் கலந்து பெற முடியாத முதல் நிறங்கள் என்று ஓவியர்கள் கற்ற காலம் அது. அவற்றோடு கறுப்பு, வெள்ளை, சாம்பல். 1917-ல் தியோ வான் டோஸ்பர்க் என்ற டச்சு ஓவியர் தொடங்கிய ‘டி ஸ்டைல்’ இதழில் மோந்திரியான் இந்த எண்ணங்களை நீண்ட கட்டுரைகளாக எழுதினார். இதற்கு அவர் வைத்த பெயர் நியோபிளாஸ்டிசிசம். அதே வருடங்களில் ரஷ்யாவில் கசிமிர் மாலெவிச் கறுப்புச் சதுரத்தோடும், கொஞ்சம் பின்னால் ஜெர்மனியில் காண்டின்ஸ்கி வட்டங்களோடும் முக்கோணங்களோடும் வேறு வழிகளில் போய்க்கொண்டிருந்தார்கள்.

வான் டோஸ்பர்க்குடன் பின்னால் பிணக்கு வந்தது. 1920களின் நடுவில் வான் டோஸ்பர்க் சாய்வுக் கோடுகளைக் கொண்டுவந்தார். மோந்திரியான் அந்த இதழிலிருந்து விலகினார். வேறு காரணங்களும் இருந்திருக்கும். ஆனாலும் ஒரு கோட்டின் சாய்வுக்காக நட்பைத் தளரவிடுகிற அளவுக்கு இது அவருக்கு உயிர்ப்பிரச்சினை. சாய்வு வேண்டும் என்று தோன்றியபோது அவரே கேன்வாஸைச் சாய்த்து, மூலை மேலே வரும்படி வைர வடிவில் தொங்கவிட்டார். உள்ளே இருக்கிற கோடுகள் மட்டும் தரைக்கு நேராகவே நின்றன. கோடு சாயக்கூடாது, சட்டம் சாயலாம்!

“இதை என் பிள்ளைகூடப் போடுமே” என்பது அடுத்த கேள்வி. ஸ்கேலும் கலரும் கொடுத்தால் கட்டம் போடும், உண்மைதான். முன்பே அவர் கண்டுபிடித்து வைத்ததைப் பார்த்துப் போடும். கோடு எந்த இடத்தில் விழ வேண்டும் என்று தெரியாத ஒரு வெற்றுக் கேன்வாஸின் முன்னால் நிற்பது வேறு. மோந்திரியான் கணக்குப் போட்டு, சூத்திரப்படி அளந்து வரைந்தவர் அல்ல. கண்ணால் பார்த்து, கோட்டை நகர்த்தி, தடிமனைக் கூட்டிக் குறைத்து, மறுபடி பூசி, வாரக்கணக்கில் மாற்றிக்கொண்டே இருப்பார். ஐரோப்பாவில் தொடங்கி நியூயார்க்குக்குத் தூக்கிக்கொண்டுபோய், அங்கே மறுபடி பிரித்து மேய்ந்து முடித்த படங்கள் பதினைந்துக்கும் மேல். அதனால்தான் அவற்றில் பலவற்றுக்கு இரட்டைத் தேதி: ‘டிராஃபால்கர் சதுக்கம்’ 1939–43.

இதற்கு எதிராகச் சொல்லப்படுகிற ஒரு சோதனையையும் மறைக்கக் கூடாது. 1960களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மைக்கேல் நோல் என்ற பொறியாளர், மோந்திரியானின் 1917-ம் ஆண்டுப் படமான ‘கோடுகளால் ஆன அமைப்பு’ போலவே ஒன்றைக் கணினியால் வரையவைத்தார். இரண்டின் நகல்களையும் 100 பேரிடம் காட்டினார். 59 பேருக்குக் கணினிப் படமே அதிகம் பிடித்தது. எது கணினியுடையது என்று சரியாகச் சொன்னவர்கள் 28 பேர்தான். படிக்கும்போது எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. பிறகு யோசித்தால், அவர்கள் பார்த்தது கறுப்புவெள்ளை நகலை. மூலம் ஒரு மீட்டருக்கும் மேல் அகலமான எண்ணெய் ஓவியம். கணினியும் தானாக எதையும் எண்ணிப் பார்க்கவில்லை. மோந்திரியான் அமைத்த சட்டகத்துக்குள் எண்களைக் குலுக்கிப் போட்டது. அந்தச் சட்டகம் எங்கிருந்து வந்தது? ஒழுங்காக இருப்பது இயந்திரம், கலைந்திருப்பது மனிதன் என்ற நம் நினைப்பையும் அந்தச் சோதனை வெளியே கொண்டுவந்தது.

நகலில் தொலைவது எது என்று சொல்லியாக வேண்டும். நம் திரையில் மோந்திரியான் வழவழப்பாக, அச்சடித்ததுபோல இருக்கிறார். நேரில் அப்படி இல்லை. அந்த வெள்ளை, பூசாமல் விட்ட இடம் அல்ல, அடுக்கடுக்காகப் பூசியது. ஒரு கட்டத்தில் தூரிகை கிடையாக ஓடியிருக்கும், பக்கத்துக் கட்டத்தில் செங்குத்தாக. பக்கவாட்டில் விளக்கொளி படும்போது இரண்டு வெள்ளையும் இரண்டு விதமாகத் தெரியும். 1920களின் தொடக்கப் படங்களில் வெள்ளைகளே பல. ஒன்றில் துளி நீலச் சாயல், ஒன்றில் துளி சாம்பல். அதே காலத்துச் சில படங்களில் கறுப்புக் கோடு கேன்வாஸின் விளிம்புவரை போகாமல், விரல்கடை தூரத்தில் நின்றுவிடும். மூச்சை இழுத்துப் பிடித்தது மாதிரி இருக்கும் அந்த இடம். எங்காவது ஒரு அருங்காட்சியகத்தில் அவர் படம் எதிர்ப்பட்டால் முதலில் பக்கவாட்டில் நின்று மேற்பரப்பைப் பாருங்கள். பிறகு தள்ளிப்போய்க் கட்டங்களைப் பாருங்கள்.

அவருடைய பாரிஸ் வீடும் படம் மாதிரியேதான் இருந்தது. சுவரில் சிவப்பு, மஞ்சள், நீல அட்டைகளைக் குத்திவைத்து, இடம் மாற்றி மாற்றிப் பார்ப்பார். வாசல்பக்கம் ஒரு ஜாடியில் ஒற்றைச் செயற்கைப் பூ. அதன் இலைக்கு வெள்ளையடித்திருந்தார். பச்சை அவருக்கு ஆகாது என்று நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆந்த்ரே கெர்தேஸ் 1926-ல் எடுத்த புகைப்படத்தில் அந்தப் பூ இருக்கிறது. அதே மனிதர் 1920களில் வாழ்க்கைச் செலவுக்காக நிஜப் பூக்களை வரைந்து விற்றுக்கொண்டும் இருந்தார் என்பதை அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

நீங்கள் கைபேசியைத் திருப்பிப் பார்த்தது நினைவிருக்கட்டும். 1941-ல் நிறநிறமான ஒட்டுநாடாக்களால் அவர் அமைத்த ‘நியூயார்க் நகரம் 1’ என்ற படைப்பு, 1945 முதலே தலைகீழாகத்தான் மாட்டப்பட்டு வந்திருக்கிறது. இப்போது ஜெர்மனியின் டுசெல்டோர்ஃப் நகரில் இருக்கிறது. இதை 2022-ல் வெளியே சொன்னவர், அங்கே கண்காட்சி ஒன்றை அமைத்த சூசன்னே மையர்-பியூசர். கோடுகள் நெருக்கமாகக் குவிந்த பகுதி கீழே இருந்தது. மேலே இருக்க வேண்டியது அது. 1944-ல் ஒரு பத்திரிகையில் வந்த மோந்திரியானின் பட்டறைப் புகைப்படத்தில் படம் சரியாக நிற்கிறது. இதைச் சொல்லி நவீன ஓவியமே பித்தலாட்டம் என்று சிரித்தவர்கள் நிறைய. எனக்கு அதில் தெரிவது வேறு: மாட்டியவர்களின் கை, அடர்த்தியானது தரைப்பக்கம்தான் இருக்கும் என்ற பழக்கத்துக்குப் போயிருக்கிறது. பாரத்தை மேலே நிறுத்துவதுதான் மோந்திரியானின் வழக்கம் என்பதை அந்த 1930-ம் ஆண்டுச் சிவப்பிலேயே பார்த்தோம். படத்தை இனித் திருப்பப்போவதில்லை. நாடாக்கள் அவ்வளவு நைந்துவிட்டன, திருப்பினால் உதிர்ந்துவிடும்.

1940-ல், அப்போது அவர் இருந்த லண்டனில் குண்டு விழத் தொடங்கியிருந்த நேரத்தில், 68 வயதில் நியூயார்க்குக்குக் கப்பல் ஏறினார். அங்கே பூகி-வூகி என்கிற துள்ளலான பியானோ இசை அவரைப் பிடித்துக்கொண்டது. நடனத்தில் முன்பே பித்து உள்ளவர். 1942–43-ல் வரைந்த ‘பிராட்வே பூகி-வூகி’யில், இருபது வருடம் கூடவே இருந்த கறுப்புக் கோடுகள் காணாமல் போய்விட்டன. கோடே மஞ்சளாகி, அதன்மேல் சிவப்பும் நீலமும் சாம்பலும் சின்னச் சதுரங்களாகத் துடிக்கின்றன. இதிலும் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். எந்த ஒரு சதுரத்தை மறைத்தாலும் படம் சரியவில்லை. தாளத்தில் ஒரு அட்சரம் விட்டுப்போனதுபோல மட்டும் இருக்கிறது. எடைகளை வைத்து நிறுத்திய தராசு, இங்கே நடக்க ஆரம்பித்திருக்கிறது.

அதற்கடுத்த படம் ‘விக்டரி பூகி-வூகி’. வைர வடிவில் தொங்குவது. நிமோனியா வந்து 1944 பிப்ரவரி 1 அன்று இறப்பதற்குச் சில நாட்கள் முன்புவரை அதைப் பிரித்துப் பிரித்து மாற்றிக்கொண்டிருந்தார். இன்று அது ஹேக் நகரில், அந்த மூன்று மரங்களும் இருக்கிற அதே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எங்கே வைத்தால் சரியாக இருக்கும் என்று பார்ப்பதற்காக அவர் ஒட்டிய நிறநாடாத் துண்டுகள், ஒட்டியபடியே இருக்கின்றன.